புது அப்டேட் வந்தாச்சு... மாட்பேக் மட்டும் ஏன் வரலை? மைன்கிராஃப்ட் பிரியர்களின் காத்திருப்புக்குப் பின்னால் இருப்பது என்ன?

கேமில் புது அப்டேட் வந்த அன்றைக்கே தொடங்கிவிடும் கேள்வி இது: "நம்ம மாட்பேக் எப்போ வரும்?" சில மாட்பேக்குகள் சில வாரங்களில் வரும். சிலவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். சிலவற்றுக்கு 'வரவே வராது' என்பதுதான் பதில்.

கேம் நிறுவனம் ஒரே நாளில் உலகம் முழுக்க அப்டேட்டை அனுப்பிவிடுகிறது. மாட்பேக் மட்டும் ஏன் இவ்வளவு பின்தங்குகிறது? அதைச் செய்பவர்கள் மெத்தனமாக இருக்கிறார்களா? காத்திருக்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே கிளிக்... போச்சு இரண்டு வருட உழைப்பு

கொடைக்கானலில் இருந்து சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயில், படிக்கட்டு போல இறங்கும் வயல்கள், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு என்று இந்த மலைக்கிராமத்துக்குத் தனி அடையாளம் உண்டு.

அங்கே ஒரு பிளஸ் ஒன் மாணவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பில் மைன்கிராஃப்ட் ஆடுகிறான். மூடுபனி நாட்களில் சிக்னல் வந்து வந்து போக, பெரிய மாட்பேக் ஒன்றை ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டு எடுத்திருக்கிறான். இரண்டு வருடமாக அதில் தன் ஊரையே கட்டி வைத்திருக்கிறான். கோயில், வயல், வளைந்து ஏறும் ரோடு எல்லாம் உண்டு.

ஒரு நாள் கேமுக்குப் புது அப்டேட் வருகிறது. ஆசை யாரை விட்டது? புதுப் பதிப்பைத் தேர்ந்தெடுத்து, பழைய மாட் கோப்புகளை அப்படியே அதில் போடுகிறான். கேம் திறப்பதற்கு முன்பே மூடிக்கொள்கிறது. சரி என்று மாட்களை எடுத்துவிட்டு அதே உலகத்தைத் திறக்கிறான். இப்போது திறக்கிறது. ஆனால் மாட் கொடுத்த கற்கள், மரங்கள், இயந்திரங்கள் எதையும் காணோம். கோயில் இருந்த இடத்தில் பாதிச் சுவர்தான் மிச்சம்.

மாணவன் கற்பனைதான். அவனுக்கு நேர்ந்தது கற்பனை இல்லை. மாட் போட்டு ஆடும் பலரும் ஒருமுறையாவது இப்படிச் சூடுபட்டவர்கள்தான்.

மாட், மாட்பேக்: என்ன வித்தியாசம்?

கேமை உருவாக்கிய நிறுவனம் இல்லாமல், வெளியாட்கள் எழுதிச் சேர்க்கும் மாற்றம்தான் 'மாட்'. புது விலங்கு சேர்க்கலாம், ரயில் ஓட்டலாம், மின்சாரம் தயாரிக்கும் ஆலை கட்டலாம். இப்படிப்பட்ட மாட்களை நூற்றுக்கணக்கில் சேர்த்து, ஒன்றோடொன்று மோதாமல் சரிசெய்து, ஒரே கட்டாகக் கொடுத்தால் அது 'மாட்பேக்'.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். மைன்கிராஃப்டில் இரண்டு வகை உண்டு. கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும் 'ஜாவா' பதிப்பு ஒன்று. மொபைல், கன்சோல் போன்றவற்றில் ஓடும் 'பெட்ராக்' பதிப்பு இன்னொன்று. பெரிய மாட்பேக்குகள் எல்லாம் ஜாவா பதிப்புக்கானவை. 'ஜாவா மாட்பேக்கை அப்படியே மொபைலில் போடலாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மொபைலுக்கு 'ஆட்-ஆன்' என்ற வேறு முறை இருக்கிறது.

பூம்பாறை டூர் பேக்கேஜ் போலத்தான்

மாட்பேக் ஏன் தாமதமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு டூர் பேக்கேஜை நினைத்துப் பாருங்கள்.

சென்னையில் இருந்து பூம்பாறைக்கு ஒருவர் டூர் ஏற்பாடு செய்கிறார். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலையேற வேன். கொடைக்கானலில் தங்கும் விடுதி. அடுத்த நாள் பூம்பாறை, மன்னவனூர். சாப்பாடும் கைடும் தனி. ஒவ்வொன்றையும் நடத்துவது வேறு வேறு ஆள். டூர் ஏற்பாட்டாளர் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டித் தருகிறார்.

2024 மே 7-ம் தேதி முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. விதி அமலுக்கு வர ஒரு நாள் போதும். ஆனால் ஏற்பாட்டாளர் பக்கம் என்ன நடக்கும்? எந்த வண்டி என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த வண்டி எண்ணுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். வண்டி மாறினால் திரும்பவும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருத்தர் தயாராக இல்லை என்றாலும் மொத்த டூரும் நிற்கும்.

மாட்பேக்கிலும் இதேதான். மேலே ஒரு விதி மாறுகிறது. கீழே சங்கிலியில் இருக்கும் ஒவ்வொருவரும் வரிசையாகத் தயாராக வேண்டும். கடைசி ஆள் ஏறும் வரை வேன் கிளம்பாது.

முதல் காரணம்: 'லோடர்' வந்தால்தான் மற்றவை

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் மாட்கள் நேரடியாக உள்ளே போவதில்லை. நடுவில் 'மாட் லோடர்' என்ற மென்பொருள் இருக்கிறது. ஃபோர்ஜ், ஃபேப்ரிக், நியோஃபோர்ஜ் ஆகியவை இதில் முக்கியமானவை. மூன்றில் மூத்தது ஃபோர்ஜ். அதிலிருந்து 2023-ல் பிரிந்து வந்தது நியோஃபோர்ஜ்.

கேம் அப்டேட் ஆனதும் முதலில் லோடர் தயாராக வேண்டும். ஃபேப்ரிக் அளவில் சிறியது என்பதால் வேகமாக வந்துவிடும். ஃபோர்ஜ், நியோஃபோர்ஜ் போன்றவை கேமுக்குள் நிறைய இடங்களில் கைவைப்பவை. அதனால் அவை நிலைக்கு வரக் கூடுதல் நேரம் ஆகும்.

லோடருக்கு அடுத்த வரிசையில் இருப்பவை 'லைப்ரரி' மாட்கள். இவை ஆடுபவர் கண்ணில் படாது. மற்ற மாட்களுக்கு வேண்டிய பொதுவான வேலைகளைச் செய்து கொடுப்பதுதான் இவற்றின் பணி. ஒரு லைப்ரரி மாட்டை நம்பிப் பத்து, இருபது மாட்கள் இருக்கும். லைப்ரரி வரவில்லை என்றால் அந்த இருபதும் வராது. லைப்ரரி வந்தால்தான் மாட். மாட் எல்லாம் வந்தால்தான் மாட்பேக். வரிசையில் கடைசியாக நிற்பது மாட்பேக் என்பதால், முன்னால் நடக்கும் எல்லாத் தாமதமும் சேர்ந்து அதன் தலையில்தான் விழும்.

இரண்டாவது காரணம்: கலைத்துப் போட்ட வீட்டு எண்கள்

கேமின் உள்ளே இருக்கும் நிரல் யாருக்கும் எளிதில் புரியக் கூடாது என்பதற்காக, நிறுவனங்கள் அதில் உள்ள பெயர்களை மாற்றிவிடுவது உண்டு. 'வீரரின் உடல்நலம்' என்று எழுதிய இடம், வெளியே வரும்போது வெறும் 'ஏபி' என்று இருக்கும். அடுத்த பதிப்பில் அதே இடம் 'சிடி' என்று ஆகியிருக்கும்.

ஊரில் உள்ள எல்லா வீட்டு எண்ணையும் வருஷா வருஷம் கலைத்துப் போட்டால் தபால்காரர் என்ன பாடுபடுவார்? மாட் எழுதுபவர்கள் பாடும் அதுதான். எந்த எண்ணில் யார் வீடு என்று ஒவ்வொரு பதிப்புக்கும் அட்டவணை போட வேண்டியிருந்தது. பல வருடம் இதைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள்.

2019 செப்டம்பரில் மைன்கிராஃப்டை உருவாக்கும் மொஜாங் நிறுவனமே இந்த அட்டவணையை வெளியிடத் தொடங்கியது. 2025 அக்டோபரில் இன்னும் ஒரு படி மேலே போய், ஜாவா பதிப்பில் இப்படிப் பெயர் மறைப்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. மாட் எழுதுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் எண் மாறாமல் இருந்தால் போதாது. வீட்டையே இடித்துக் கட்டினால் என்ன செய்வது? அங்கேதான் மூன்றாவது காரணம் வருகிறது.

மூன்றாவது காரணம்: வெளியே ஒரு மீன், உள்ளே பூகம்பம்

ஆடுபவருக்கு அப்டேட் என்றால் புது மீன், புது மரம். உள்ளே நடப்பது வேறு.

2018 ஜூலையில் வந்த 1.13 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் கடலும் டால்பினும். உள்ளே, ஒவ்வொரு கல்லுக்கும் இருந்த எண் அடையாள முறையையே நீக்கிவிட்டார்கள். எண்ணை நம்பி எழுதிய மாட்கள் எல்லாம் அஸ்திவாரத்தில் இருந்து மாற வேண்டியதாயிற்று. பெரிய மாட்பேக்குகள் பலவும் நடுவில் வந்த பதிப்புகளைத் தாண்டி, 1.12-ல் இருந்து நேராக 1.16-க்குத் தாவின.

2021 நவம்பரில் வந்த 1.18-ல் உலகத்தின் உயரமே 256 கட்டங்களில் இருந்து 384 ஆக மாறியது. மலை, குகை உருவாகும் விதமும் மாறியது. புது நிலப்பரப்பு தரும் மாட்கள் எல்லாம் திரும்ப உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் வந்த 1.20.5-ல் ஒவ்வொரு பொருளும் தன் விவரங்களைச் சேமிக்கும் முறை மாறியது. ஒரு வாளுக்கு எத்தனை அடி தாங்கும் சக்தி, அதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் புது வடிவத்துக்குப் போயின.

கேம் ஓடுவதற்கு அடியில் இருக்கும் ஜாவா மென்பொருளும் மாறிக்கொண்டே வந்தது. 1.17-க்கு ஜாவா 16, 1.18-க்கு ஜாவா 17, 1.20.5-க்கு ஜாவா 21 தேவைப்பட்டது. பழைய ஜாவாவை நம்பி எழுதிய சில வழிகள் புதியதில் மூடப்பட்டுவிட்டன.

இதில் கேம் நிறுவனத்தின் மீது தவறு என்று சொல்லிவிட முடியாது. பழைய முறையைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கேம் வேகமாக ஓடாது, புதுசாக எதுவும் செய்யவும் முடியாது. ஆனால் அந்தச் சீரமைப்புக்கான வேலையில் பெரும்பகுதி, சம்பளம் வாங்காதவர்கள் தோளில் போய் விழுகிறது.

நான்காவது காரணம்: மாட் வந்தாலும் பேக் வராது

எல்லா மாட்டும் தயார் என்றே வைத்துக்கொள்வோம். உடனே மாட்பேக் வந்துவிடுமா? வராது.

தனித்தனியாக நன்றாக ஓடும் இரண்டு மாட்கள், சேர்த்துப் போட்டால் சண்டை போடும். இரண்டும் ஒரே பெயரில் செம்புக் கட்டியைக் கொண்டுவரும். இரண்டும் ஒரே இடத்தில் கைவைக்கும். இருநூறு மாட்கள் இருக்கும் பேக்கில் யாரோடு யாருக்குச் சண்டை என்று கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. பாதி மாட்களை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது, பிறகு அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே போவதுதான் வழக்கமான வழி. கூட்டமாகச் சாப்பிட்ட விருந்தில் எந்தக் கறி வயிற்றைக் கெடுத்தது என்று தேடுவது மாதிரிதான்.

அடுத்தது சமநிலை. நல்ல மாட்பேக் என்பது மாட்களின் குவியல் கிடையாது. எந்தப் பொருள் எப்போது கிடைக்க வேண்டும், எதைச் செய்தால் அடுத்த கட்டம் திறக்கும் என்று படிப்படியாக நூற்றுக்கணக்கான பணிகளை எழுதி வைத்திருப்பார்கள். ஒரு மாட் புதுப் பதிப்பில் தன் செய்முறையை மாற்றினால், அதை நம்பி எழுதிய பத்துப் பணிகள் உடையும். எல்லாவற்றையும் ஆடிப் பார்த்துத்தான் சரிசெய்ய முடியும். பல மணி நேரம் பிடிக்கும் பேக்கை ஆடிப் பார்க்கவும் அதே அளவு நேரம் வேண்டும்.

ஐந்தாவது காரணம்: செய்பவர்கள் யார்?

மாட் எழுதுபவர்களில் பெரும்பாலானோர் மாணவர்கள், வேறு வேலை பார்ப்பவர்கள். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம். மைன்கிராஃப்ட் விதிகளின்படி மாட்களை விலைக்கு விற்க முடியாது. பதிவேற்றும் தளங்கள் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு தருகின்றன. நன்கொடையும் வரும். ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்தக்கூடியவர்கள் மிகக் குறைவு.

செமஸ்டர் வந்தால் ஒருவர் நிற்பார். கல்யாணம், குழந்தை என்று இன்னொருவர் ஒதுங்குவார். சிலருக்கு ஆர்வமே போய்விடும். அப்போது வேறு யாராவது எடுத்துத் தொடர முடியுமா? மாட்டின் உரிமம் திறந்த முறையில் இருந்தால் முடியும். 'எல்லா உரிமையும் எனக்கே' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் சட்டப்படி முடியாது. அந்த மாட் அந்தப் பதிப்போடு நின்றுவிடும். அதை நம்பியிருந்த பேக்கும் நிற்கும், இல்லையென்றால் மாற்று தேடும்.

இதற்கு நடுவில் "எப்போ வரும், எப்போ வரும்" என்ற நச்சரிப்பு வேறு. அதனாலேயே வெறுத்துப் போய் விலகியவர்களும் உண்டு.

மூன்று மாதம் தள்ளிப்போன லண்டன்

மைன்கிராஃப்டுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை இது. 2024-ல் நடந்த ஒரு சம்பவம் நல்ல உதாரணம்.

2015-ல் வெளியான 'ஃபால்அவுட் 4' கேமுக்கு, தன்னார்வலர்கள் சேர்ந்து 'ஃபால்அவுட்: லண்டன்' என்ற பிரம்மாண்டமான மாட்டை உருவாக்கினார்கள். கிட்டத்தட்ட ஒரு தனி கேம் அளவுக்குப் பெரியது. வெளியீட்டுத் தேதி 2024 ஏப்ரல் 23 என்று அறிவித்தார்கள்.

அந்த மாதம்தான் ஃபால்அவுட் வெப் சீரிஸ் வெளியானது. அந்த ஜோரில் பெதஸ்டா நிறுவனம் தன் பழைய கேமுக்கு ஏப்ரல் 25-ல் பெரிய அப்டேட் வரும் என்று அறிவித்தது. மாட் வெளியாகும் நாளுக்கு இரண்டே நாள் கழித்து! அப்டேட் வந்தால் மாட் உடையும். வேறு வழியின்றி மாட் குழு தன் வெளியீட்டைத் தள்ளிவைத்தது. கடைசியில் ஜூலை 25-ல்தான் அது வெளியானது. அதுவும், அப்டேட் ஆன கேமைப் பழைய பதிப்புக்கு இறக்கித்தான் பெரும்பாலானோர் ஆட வேண்டியிருந்தது.

இந்த வகை கேம்களில் சிக்கலின் மையம் 'ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்' என்ற கருவி. கேமின் நிரலில் இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டு வேலை செய்வது அது. அப்டேட்டில் ஒரு வரி கூடினாலும் எல்லா இடமும் நகர்ந்துவிடும். 2021 நவம்பரில் 'ஸ்கைரிம்' கேமுக்கு ஆண்டுவிழாப் பதிப்பு வந்தபோதும் இதே கதைதான் நடந்தது.

'பழசே போதும்' என்று நின்றுவிட்டவர்கள்

இத்தனை ஓட்டத்துக்குப் பிறகு சில மாட்பேக்குகள் எடுத்த முடிவு சுவாரஸ்யமானது. ஓடவே வேண்டாம் என்று நின்றுவிட்டன.

'கிரெக்டெக்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற புகழ்பெற்ற மாட்பேக், 2014-ல் வந்த 1.7.10 பதிப்பிலேயே இருக்கிறது. கைவிடப்பட்டு இல்லை. இன்றும் அதற்குப் புதுப்புது வெளியீடுகள் வருகின்றன. புது ஜாவாவில் ஓடும் அளவுக்கு அதன் குழு வேலை செய்திருக்கிறது. கடினமான ஆட்டத்துக்குப் பெயர்போன 'ஆர்எல்கிராஃப்ட்' 2017-ல் வந்த 1.12.2-ல் இருக்கிறது.

பதிப்பு நின்றால் அடித்தளம் ஆடாது. அடித்தளம் ஆடாவிட்டால் மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம். ஆகவே 'புதுப் பதிப்பில் இருப்பதே நல்ல மாட்பேக்' என்ற எண்ணம் சரி கிடையாது. பெரும்பாலான மாட்களும் ஏதாவது ஒரு பதிப்பில் கூடுகின்றன. 1.7.10, 1.12.2, 1.16.5, 1.20.1 எல்லாம் இப்படிக் கூட்டம் கூடிய இடங்கள்தான்.

மொபைலில் நம்ம ஊரு பஸ்

கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கும் இந்தப் பிரச்சினை தெரியும். இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் எவ்வளவு பிரபலம் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பேருந்து, தனியார் பேருந்து, டூரிஸ்ட் பஸ் என்று நம் ஊர் வண்டிகளை அச்சு அசலாக மாடல் செய்து, மாட்டாகப் போட்டு ஓட்டுகிறார்கள் நம் இளைஞர்கள்.

இங்கேயும் மாட் கொடுப்பவர்கள் 'இது இன்ன பதிப்புக்கு' என்று எழுதித்தான் கொடுக்கிறார்கள். கேம் அப்டேட் ஆனால், நேற்று வரை சரியாக ஓடிய பஸ்ஸில் கதவு திறக்காமல் போகலாம், விளக்கு எரியாமல் போகலாம். மொபைலில் கூடுதல் தலைவலி என்னவென்றால், ஆப் தானாகவே அப்டேட் ஆகிவிடும். திரும்பப் பழைய பதிப்புக்குப் போக பிளே ஸ்டோரில் வழி இல்லை.

தமிழுக்கும் இந்த அனுபவம் உண்டு

கேமே ஆடாதவர்களுக்கும் புரியும் உதாரணம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் தமிழ்.

தமிழக அரசு 1999-ல் டாம், டாப் என்ற எழுத்துரு முறைகளை அங்கீகரித்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், யூனிகோடுக்கு மாற ஆணை பிறப்பித்தது. ஆணை ஒரே நாளில் வந்தது. அச்சகங்கள் மாற வருடங்கள் ஆயின. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள், அதற்குப் பழகிய கைகள், அதற்கேற்ற வடிவமைப்பு மென்பொருள் என்று ஒவ்வொன்றும் மற்றதைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் பழைய எழுத்துருவைப் பார்க்கலாம். அவர்கள் மாற மறுப்பவர்கள் என்று சொல்ல முடியாது. ஒன்றை மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதுதான் அவர்கள் நிலை.

மைன்கிராஃப்டிலேயே தமிழ் இருக்கிறது. ஜாவா பதிப்பில் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். அதை மொழிபெயர்ப்பவர்களும் தன்னார்வலர்கள்தான். புது அப்டேட்டில் புது விலங்கு, புதுக் கல் வந்தால், யாராவது தமிழ்ப் பெயர் கொடுக்கும் வரை அது ஆங்கிலத்திலேயே தெரியும். இங்கேயும் கேம் முன்னால் போக, அன்புக்காக வேலை செய்பவர்கள் பின்னால் ஓடுகிறார்கள்.

அவசரத்தைக் காசாக்கும் கும்பல்

காத்திருப்பு கடுப்பாக இருக்கலாம். ஆனால் அவசரம் ஆபத்து. மாட் என்பது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் ஒரு நிரல். அது கேமுக்குள் மட்டும்தான் நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

2023 ஜூனில் 'ஃபிராக்சரைசர்' என்ற தீய நிரல், பிரபல தளங்களில் இருந்த சில மைன்கிராஃப்ட் மாட்களுக்குள் புகுந்தது. பிரவுசரில் சேமித்த லாகின் விவரங்களைத் திருடியது. கம்ப்யூட்டரில் இருந்த மற்ற மாட் கோப்புகளுக்கும் பரவியது. கிரிப்டோ பணப்பை முகவரியை நகல் எடுத்தால், ஒட்டும்போது திருடனின் முகவரியாக மாற்றியது. பிரபல தளங்களிலேயே இந்தக் கதி என்றால், 'புது அப்டேட்டுக்கான மாட்பேக் இங்கே கிடைக்கும்' என்று ஆசை காட்டும் முகம் தெரியாத தளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மொபைலில் இது இன்னும் சீரியஸ். பிள்ளை கேம் ஆடும் போனில்தான் அப்பாவின் யுபிஐ இருக்கும், அம்மாவின் வங்கிக் குறுஞ்செய்தி வரும். 'மாட் ஏபிகே' என்று வெளியே இருந்து எடுத்துப் போடும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்தால், ஓடிபி போகும் வழியும் திறந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்?

* மாட்பேக் ஆடும் உலகத்தைப் புதுப் பதிப்பில் திறக்காதீர்கள். ஒருமுறை புதியதில் சேமித்துவிட்டால் பழையதுக்குத் திரும்புவது கிட்டத்தட்ட முடியாது.

* அப்டேட் செய்வதற்கு முன் உலகம் சேமிக்கப்பட்ட ஃபோல்டரை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். ஒரு பென் டிரைவ் போதும்.

* ஜாவா பதிப்பில் பழசையும் புதுசையும் ஒரே கம்ப்யூட்டரில் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். மாட்பேக்குக்குப் பழைய பதிப்பு, புது அம்சங்களைப் பார்க்க மாட் இல்லாத புதுப் பதிப்பு. இரண்டும் முட்டிக்கொள்ளாது.

* மொபைலில், பிளே ஸ்டோரில் அந்த கேமின் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, தானியங்கி அப்டேட்டை மட்டும் நிறுத்திவைக்கலாம்.

* மாட்டை அதை உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்தில் இருந்து மட்டும் எடுங்கள். அவர் அங்கே வெளியிடாத பதிப்பு வேறு தளத்தில் இருந்தால், அது சந்தேகத்துக்குரியது.

* "எப்போ வரும்?" என்று கேட்பதை விட, பிழை வந்தால் எந்தப் பதிப்பு, எந்த மாட், என்ன நடந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். மாட் செய்பவரின் ஒரு ராத்திரி மிச்சமாகும்.

இனிமேல் மாறுமா?

இரண்டு எதிரெதிர் காற்று வீசுகிறது. ஒரு பக்கம், அப்டேட்டுகளின் வேகம் கூடிவிட்டது. வருடத்துக்கு ஒரு பெரிய அப்டேட் என்ற பழைய முறையை விட்டு, சிறு சிறு வெளியீடுகளாகத் தர 2024-ல் மொஜாங் முடிவெடுத்தது. 2025-ல் மட்டும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என நான்கு வெளியீடுகள். ஆடுபவர்களுக்குக் கொண்டாட்டம். ஒரு பதிப்புக்கு மாட் தயாராகும் முன் அடுத்தது வந்து நிற்பது செய்பவர்களுக்குத் திண்டாட்டம்.

இன்னொரு பக்கம், பெயர் மறைப்பு நீங்குவதால் ஒவ்வொரு பதிப்புக்கும் அட்டவணை போடும் வேலை குறையும். லோடர்கள் வேகமாக வரலாம். ஆனால் மாட்களை மோதாமல் அடுக்குவது, பணிகளை எழுதுவது, ஆடிப் பார்ப்பது போன்ற கை வேலை அப்படியே இருக்கும். அதற்கு மனிதர்கள் உட்கார வேண்டும். ஆகவே காத்திருக்கும் காலம் குறையலாமே தவிர, முழுவதும் போய்விடாது.

பூம்பாறை மாணவனின் விஷயத்துக்கு வருவோம். அப்டேட்டுக்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தால், அவன் கோயிலும் வயலும் இன்னும் இருக்கும். பழைய பதிப்பில் அதைத் திறந்து ஆடிக்கொண்டிருக்கலாம். புது விலங்கு கொஞ்சம் தாமதமாக வந்து சேரும், அவ்வளவுதான்.